பூனைவணங்கியும் கீரிப்பூண்டும்

போன மாசம் அனந்தபுரம் வீட்டுப் பின்பக்கம் களை பிடுங்கிக்கொண்டிருந்தேன். முக்கால்வாசி குப்பைமேனிதான். வேரோடு பிடுங்கி ஓரமாகக் குவித்துவிட்டு கை கழுவப் போனேன். திரும்பி வந்தால் தெருப்பூனை ஒன்று அந்தக் குவியல்மேல் உருண்டுகொண்டிருக்கிறது. வேரைக் கடிக்கிறது, கன்னத்தைத் தேய்க்கிறது, வாயில் எச்சில் ஒழுகுகிறது. என்னைப் பார்த்தாலே பத்தடி தள்ளி ஓடும் பூனை அது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டுப் பெரியம்மா, "அதுக்குப் பேரே பூனைவணங்கிதானப்பா, இது தெரியாதா உனக்கு?" என்றார்.

தெரியாது. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேட ஆரம்பித்ததில் வந்ததுதான் இந்தக் குறிப்பு.

பூனைவணங்கி என்பது குப்பைமேனியின் பழைய பெயர்களில் ஒன்று. மார்ஜாலமோகினி என்றும் சொல்வார்கள். மார்ஜாலம் என்றால் பூனை. அதாவது, பூனை இந்தச் செடியிடம் மயங்கும் என்பதை யாரோ நம்மாட்கள் ரொம்ப காலம் முன்பே பார்த்துப் பெயராகவே வைத்துவிட்டார்கள். ஆஸ்திரேலியாவில் காட்டுப்பூனைகளைப் பொறிக்குள் இழுக்க வழி தேடியவர்கள், கிறிஸ்துமஸ் தீவில் வளரும் இதே குப்பைமேனி வேரை எடுத்து ஆராய்ந்தார்கள். 2016ல் வெளியான கட்டுரையில் பூனையை இழுக்கும் பொருட்களை அடையாளம் காட்டினார்கள். அதில் ஒன்று ஐசோஇரிடோமிர்மெசின். இரிடாய்டு என்ற வேதிக் குடும்பத்தைச் சேர்ந்தது.

சரி, மயங்குகிறது. ஆனால் இதில் மருத்துவம் எங்கே வந்தது?

அதற்கு ஜப்பான் போக வேண்டும். அங்கே மட்டட்டாபி என்று ஒரு கொடி, பூனைகளுக்கு அதன் மேலும் இதே பைத்தியம். இவாதே பல்கலைக்கழகத்தில் மசாவோ மியாசாகியின் குழு அதிலிருந்து நெபெடலாக்டால் என்ற இரிடாய்டைப் பிரித்து, காகிதத்தில் தடவிப் பூனைகளுக்குக் கொடுத்தது. முடிவு 2021 ஜனவரியில் வந்தது. காகிதத்தைத் தரையில் வைத்தால் பூனை உருள்கிறது. கூண்டின் சுவரிலோ கூரையிலோ ஒட்டினால் உருளவில்லை, எம்பி நின்று தலையையும் முகத்தையும் மட்டும் தேய்க்கிறது. அப்படியானால் உருளுவது நோக்கமே இல்லை, அந்தப் பொருளை மேலே பூசிக்கொள்வதுதான் நோக்கம். அப்படிப் பூசிக்கொண்ட பூனையின் தலையில் வந்து உட்கார்ந்த கொசுக்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. அடுத்த வருடம் அதே குழு, பூனை கடித்துக் கசக்கிய இலையிலிருந்து இரிடாய்டு பல மடங்கு கூடுதலாக வெளிப்படுவதையும் காட்டியது. வேரைக் கடித்துக் கடித்துத் தேய்த்த என் வீட்டுப் பின்பக்கத்துப் பூனை நினைவுக்கு வந்தது. குப்பைமேனியிலும் இதே வேலைதான் நடக்கிறது என்பது என் ஊகம்.

எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இது: பூனைக்குக் கொசுவைப் பற்றி எதுவும் தெரிய வேண்டியதில்லை. அந்த வாசனை பட்டதும் அதன் ரத்தத்தில் பீட்டா எண்டார்ஃபின் ஏறுகிறது. சுகமாக இருக்கிறது, அதனால் தேய்க்கிறது. தேய்த்த பூனையைக் கொசு குறைவாகக் கடிக்கிறது. கொசு வழியாகப் பூனைக்கு இதயப்புழு வரும் என்பதால் இது சின்ன லாபம் இல்லை. 'மிருகத்துக்கு மருந்து தெரியும்' என்று நாம் சொல்வதில் 'தெரியும்' என்ற வார்த்தையைக் கொஞ்சம் ஜாக்கிரதையாகக் கையாள வேண்டும்.

எல்லா மிருகத்திலும் இப்படித்தான் என்றும் சொல்ல முடியாது. தான்சானியாவின் மஹாலே மலையில் 1987ல் மைக்கேல் ஹஃப்மேனும், உள்ளூர் டோங்வே இனத்து முகமதி செய்ஃபு கலுண்டேயும், சாவுசிக்கு என்ற நோயுற்ற சிம்பன்சி ஒரு கசப்புச் செடியின் தண்டை உரித்துச் சாற்றை உறிஞ்சுவதைப் பார்த்தார்கள். மறுநாளே அது தேறிவிட்டது. அது வழக்கமாகத் தின்னும் செடி இல்லை. டோங்வே மக்கள் வயிற்று நோய்க்கு உபயோகிக்கும் செடி. 2022 ஜூனில் சுமத்ராவில் ராக்குஸ் என்ற ஒராங்குட்டான், கன்னத்துக் காயத்தில் ஒரு கொடியின் இலையை மென்று பற்றுப் போட்டது. இங்கெல்லாம் பார்க்க வேண்டியது மூன்று விஷயம்: நோயிருக்கும்போது எடுக்கிறதா, அது சாதாரண உணவா, எடுத்தபின் குணம் தெரிகிறதா. நாய் புல் தின்பது இந்தச் சோதனையில் தேறுவது கஷ்டம். அமெரிக்காவில் 1,500க்கும் மேற்பட்ட நாய் வளர்ப்பவர்களிடம் கேட்டதில், புல் தின்னும் முன் நோயாகத் தெரிந்த நாய்கள் பத்தில் ஒன்றுக்கும் குறைவு. பின்னால் வாந்தி எடுத்தவை ஐந்தில் ஒன்று சொச்சம்.

இப்போது கீரிக்கு வருகிறேன். பெரியம்மா அன்றைக்குச் சொன்ன இரண்டாவது விஷயம் அது. "கீரி பாம்போட சண்டை போட்டுட்டுப் போயி கீரிப்பூண்டத் தின்னுட்டு வரும். அதான் அதுக்கு விஷம் ஏறாது."

இந்தக் கதை நம்மூர்க் கதை மட்டும் இல்லை. 1563ல் கோவாவில் அச்சான கார்சியா த ஓர்தாவின் மருந்து நூலிலேயே இருக்கிறது. லின்னேயஸ் அந்தச் செடிக்கு ஓஃபியோரைசா முங்கோஸ் என்று கீரியின் பெயரையே வைத்தார். ஓஃபியோரைசா என்றால் பாம்பு வேர்.

ஆனால் கீரிப்பூண்டு ஈரக்காட்டுச் செடி. செஞ்சிக் கோட்டைப் பாறைகளிலும் நம்ம கடலைக் கொல்லைகளிலும் ஓடுகிற கீரி அதைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது. அப்படியும் நல்ல பாம்போடு மல்லுக்கட்டுகிறது. காரணத்தை 1992ல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் சாரா ஃபுக்ஸ் குழு கண்டுபிடித்தது. நல்ல பாம்பின் நரம்பு விஷம், தசையிலுள்ள அசிட்டைல்கோலின் ஏற்பியில் போய் உட்கார்ந்து, நரம்பு தரும் உத்தரவைத் தசைக்கு எட்டாமல் தடுக்கும். மூச்சுத் தசை நின்றால் ஆள் போய்விடும். கீரியின் ஏற்பியில் அந்த இடத்து அமினோ அமிலங்கள் சில மாறியிருக்கின்றன, ஒரு சர்க்கரைச் சங்கிலியும் குறுக்கே நிற்கிறது. சாவி நுழையாத பூட்டு. மருந்து கீரியின் வயிற்றில் இல்லை, மரபணுவில் இருக்கிறது. வேரை அரைத்துக் குடித்து நாம் அதை வாங்கிக்கொள்ள முடியாது.

பூனைவணங்கி விஷயத்தில் பெயர் வைத்தவர் நேரில் பார்த்திருக்கிறார். கீரி விஷயத்தில் சண்டையைப் பார்த்தார்கள், பிழைத்ததைப் பார்த்தார்கள், நடுவிலிருந்த இடைவெளியை ஒரு செடியால் நிரப்பிவிட்டார்கள். எங்கள் வேலையிலும் இது உண்டு. சர்வர் தானாகச் சரியாகியிருக்கும், கடைசியாக எதையோ தட்டியவருக்குப் பெயர் போய்ச் சேரும். பாம்புக்கடியில் இது இன்னும் சுலபமாக நடக்கும். கடிக்கிற பாம்பில் பல விஷமில்லாதவை, விஷப்பாம்பும் சில தடவை விஷத்தை இறக்காமல் கடிக்கும். அன்றைக்கு எந்த வேரைக் கொடுத்தாலும் அது வேலை செய்த மாதிரிதான் இருக்கும்.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை வருடத்துக்குச் சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறந்ததாக ஒரு கணக்கு. பெரும்பாலும் கிராமத்தில். கீரிக்கு இருக்கும் பூட்டு நமக்கில்லாததால் நமக்குள்ள மருந்து விஷமுறிவு ஊசிதான். அதற்கான விஷத்தை எடுத்துத் தருபவர்கள் மாமல்லபுரம் பக்கம் வடநெம்மேலியில் 1978ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர். நல்ல பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் நான்குக்கும் ஒரே ஊசி. 108க்கு போன் செய்துவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். கட்டுவிரியன் கடி பல சமயம் வலிக்கவே வலிக்காது, அதனால் 'ஒண்ணும் இல்ல' என்று படுத்துவிடக் கூடாது.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "அப்ப அந்தப் பூண்டு சும்மாவா?" என்றார். சும்மா இல்லை. கீரிப்பூண்டில் கேம்ப்டோதெசின் இருக்கிறது. சில புற்றுநோய் மருந்துகள் அந்தப் பொருளிலிருந்து உருவானவைதான். அதே மாதிரி பூனைக்குச் சுகம் தரும் குப்பைமேனி எல்லா மனிதருக்கும் ஒத்துக்கொள்ளாது. ஜி6பிடி குறைபாடு உள்ளவர்கள் இதைச் சாப்பிட்டு ரத்தச் சிவப்பணுக்கள் உடைந்த சம்பவங்கள் இலங்கையில் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. குழந்தைக்குப் பூச்சிமருந்தாக அரைத்துக் கொடுக்கிறவர்கள் கவனிக்க.

பிடுங்கிய வேர்களை இன்னும் எரிக்கவில்லை. சாயங்காலமானால் அந்தப் பூனை வருகிறது, இப்போது கூட ஒன்றையும் கூட்டிக்கொண்டு. அந்த இரண்டாவது பூனை வேரை முகர்ந்து பார்த்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்கிறது. எல்லாப் பூனைக்கும் இந்த மயக்கம் வராதாம்.