தோஹாவில் தொலைந்த இரண்டு பதக்கங்கள்!

மருந்து போட்டு ஓடுகிற கில்லாடிகளைப் பிடிப்பது ஏன் இவ்வளவு கஷ்டம்? மருந்தே போடாதவர் மாட்டிக்கொண்டது எப்படி? புதுக்கோட்டை, திருச்சிப் பெண்கள் இருவரின் கதையோடு ஒரு ரவுண்டு...

800 மீட்டர் ஓட்டம், கத்தார் நாட்டு தோஹா நகரம். இந்த ரெண்டும் ஒன்று சேர்ந்தால் நம்ம பக்கத்துப் பெண்களுக்கு ராசியில்லை போலிருக்கிறது!

2006 டிசம்பர். ஆசிய விளையாட்டுப் போட்டி. புதுக்கோட்டை மாவட்டம் கத்தக்குறிச்சியைச் சேர்ந்த செங்கல் சூளைத் தொழிலாளியின் மகள் சாந்தி சௌந்தரராஜன், 2 நிமிஷம் 3.16 விநாடியில் ஓடி வெள்ளி ஜெயித்தார். மூன்றாவதாக வந்த கஜகஸ்தான் பெண்ணுக்கும் இவருக்கும் நடுவில் கண் சிமிட்டுகிற நேரம்தான். முதலமைச்சர் கருணாநிதி 15 லட்சம் ரூபாய் பரிசு அறிவித்தார். மாவட்டமே தலை நிமிர்ந்தது. கொஞ்ச நாள்தான்... பதக்கம் பறிபோய்விட்டது.

2019 ஏப்ரல். அதே தோஹா. ஆசிய தடகளப் போட்டி. திருச்சி பக்கம் முடிகண்டம் கிராமத்து கோமதி மாரிமுத்து, ஆளுக்கொரு கலரில் இரண்டு ஷூவை மாட்டிக்கொண்டு 2 நிமிஷம் 2.70 விநாடியில் ஓடித் தங்கமே வாங்கிவிட்டார். அடுத்த மாதமே செய்தி வந்தது. ஊக்கமருந்துப் பரிசோதனையில் தோல்வி! அந்தப் பதக்கமும் போச்சு.

இந்த ரெண்டு பேரையும் பற்றி ஆலங்குடி டீக்கடையில் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். "ரெண்டுமே மருந்து கேஸ்தானே சார்?" என்று யாராவது ஒருத்தர் கேட்டாலும் கேட்பார். அங்கேதான் தப்பு. கோமதி மேல் வந்தது மருந்துக் குற்றச்சாட்டு. சாந்தி மேல் அப்படி ஒரு குற்றச்சாட்டே கிடையாது! ஒரு மாத்திரை, ஒரு ஊசி என்று யாரும் சொன்னதில்லை. அவரிடம் நடத்தியது வேறு டெஸ்ட். அதற்குப் பிறகு வருவோம். முதலில், நிஜமாகவே மருந்து போடுகிறவர்கள் எப்படித் தப்பிக்கிறார்கள் என்று பார்ப்போம்.

உடம்பே தயாரிக்கிற சரக்கு!

நூறு மீட்டர் ஓட்டத்துக்குத் தசை பலம் முக்கியம். மாரத்தான், சைக்கிள் ரேஸ் மாதிரி நீண்ட நேரச் சமாச்சாரங்களுக்கு? மூச்சுக்காற்றுதான் முதல்! ரத்தத்தில் சிவப்பணு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு ஆக்ஸிஜன் தசைக்குப் போகும். மனுஷன் களைக்காமல் ஓடுவான்.

சிவப்பணுவைத் தயாரிக்கச் சொல்லி உத்தரவு போடுவது நம்ம கிட்னி. எரித்ரோபொய்ட்டின், சுருக்கமாக ஈ.பி.ஓ. என்கிற ஹார்மோன் மூலமாக அந்த உத்தரவு போகிறது. கிட்னி கெட்டுப் போய் டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்கு ரத்தசோகை வரும் இல்லையா? அவர்களுக்காக இதையே செயற்கையாகத் தயாரித்து, 1980-களின் கடைசியில் மருந்தாகக் கொண்டு வந்தார்கள். நல்ல மருந்து. பல உயிர்களைக் காப்பாற்றுகிற மருந்து. ஆஸ்பத்திரியிலிருந்து அது நைஸாக சைக்கிள் வீரர்களின் பைக்குள் போய்விட்டது!

1990-ல் ஈ.பி.ஓ.வுக்குத் தடை போட்டது ஒலிம்பிக் கமிட்டி. ஆனால், கண்டுபிடிக்க டெஸ்ட்? அது வந்தது 2000-ம் வருஷம் சிட்னி ஒலிம்பிக்கில்! நடுவில் பத்து வருஷம், பூட்டு இல்லாத வீட்டில் 'திருடாதே' என்று போர்டு மட்டும் மாட்டி வைத்த கதைதான்.

1997-ல் சைக்கிள் சங்கம் ஒரு யோசனை செய்தது. ரத்தத்தில் சிவப்பணுவின் பங்கு 50 சதவீதத்தைத் தாண்டினால் ரேஸில் ஓட்டக் கூடாது என்றார்கள். நம்ம ஆளுங்க என்ன செய்வார்கள்? ஸ்பீடு லிமிட் 50 என்றால் 49-ல் ஓட்ட மாட்டோமா? அதையேதான் அவர்களும் செய்தார்கள்!

1998-ல் 'டூர் டி பிரான்ஸ்' சைக்கிள் ரேஸையே ஆட்டி வைத்த ஃபெஸ்டினா ஊழல் வெளியே வந்ததுகூட லேப் மூலம் இல்லை. பெல்ஜியம் எல்லையில் கஸ்டம்ஸ்காரர்கள் ஒரு காரை நிறுத்தி டிக்கியைத் திறந்தார்கள். உள்ளே ஒரு மெடிக்கல் ஷாப்பே இருந்தது!

லான்ஸ் ஆம்ஸ்ட்ராங் தெரியும்தானே? 1999-லிருந்து 2005 வரை வரிசையாக ஏழு தடவை அந்த ரேஸை ஜெயித்தவர். நூற்றுக்கணக்கான டெஸ்ட்டுகள். ஒன்றின் பேரிலும் அவரைத் தண்டிக்க முடியவில்லை. 2012-ல் அவரை வீழ்த்தியது கூட இருந்தவர்கள் கொடுத்த சாட்சியம். ஏழு பட்டமும் பறிபோன பிறகு, 2013 ஜனவரியில் டி.வி.யில் அவரே ஒப்புக்கொண்டார்.

சிக்கல் இதுதான். வெளியிலிருந்து வந்த விஷத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். இங்கே உடம்பே தயாரிக்கிற சரக்கைத்தான் கொஞ்சம் கூடுதலாக ஏற்றுகிறார்கள். சின்னச் சின்ன அளவில் போட்டால் ஊசியின் தடயம் சீக்கிரமே மறைந்துவிடும். சிவப்பணு மட்டும் வாரக்கணக்கில் ரத்தத்தில் சுற்றிக்கொண்டிருக்கும். தன் ரத்தத்தையே எடுத்து ஃப்ரிட்ஜில் வைத்துத் திருப்பி ஏற்றிக்கொள்கிற ஆசாமிகளும் உண்டு. அவன் ரத்தத்தில் அவன் ரத்தம் இருக்கிறது என்று கேஸ் போடவா முடியும்?

பாட்டி எத்தனை தடவை செத்தாங்க?

சரி, சிவப்பணு அதிகமாக இருந்தாலே ஆளைப் பிடித்துவிடலாமே என்கிறீர்களா? அதிலும் வம்பு இருக்கிறது. ஊட்டி மாதிரி உயரமான இடத்தில் சில வாரம் தங்கிப் பயிற்சி செய்தாலே சிவப்பணு கூடும். சிலருக்குப் பிறவியிலேயே அப்படி. பின்லாந்து பனிச்சறுக்கு வீரர் ஈரோ மாண்டிரான்டா, 1964 ஒலிம்பிக்கில் இரண்டு தங்கம் வாங்கினார். அவர் ரத்தத்தில் ஹீமோகுளோபின் எக்கச்சக்கம். ஊர் முழுக்கச் சந்தேகம். 1993-ல்தான் விஞ்ஞானிகள் கண்டுபிடித்தார்கள். அவர் குடும்பத்துக்கே பரம்பரையாக வந்த மரபணு மாற்றம் அது!

அதனால் 2008-லிருந்து சைக்கிளிலும், பிறகு தடகளத்திலும் 'உயிரியல் பாஸ்போர்ட்' என்று புது வழிக்குப் போனார்கள். புரியும்படி சொல்கிறேன். உங்க ஆபீஸில் ஒருத்தர் 'பாட்டி இறந்துவிட்டார், லீவு வேண்டும்' என்று எழுதுகிறார். அந்த ஒரு லெட்டரைப் பார்த்தால் பாவமாகத்தான் இருக்கும். மேனேஜர் பத்து வருஷ ஃபைலை எடுத்துப் புரட்டினால்? ஒரே பாட்டி நாலு தடவை செத்திருக்கிறார்! அதேதான் இங்கேயும். ஒரு வீரரின் ரத்தக் கணக்கை வருஷக்கணக்கில் குறித்து வைத்து, அவரோடு அவரையே ஒப்பிடுகிறார்கள். இயற்கையாக வர முடியாத ஏற்ற இறக்கம் தெரிந்தால் விசாரணை.

பிரமாதமான யோசனைதான். ஆனால், அதற்கு அடிக்கடி ரத்தம் எடுக்க வேண்டும். காசு வேண்டும், லேப் வேண்டும், ஆள் வேண்டும்.

இப்போதும் முழுசாகப் பிடித்துவிட்டதாகச் சொல்ல முடியாது. 2024 அக்டோபரில் சிகாகோ மாரத்தானை 2 மணி 9 நிமிஷம் 56 விநாடியில் முடித்து உலக சாதனை படைத்தவர் கென்யாவின் ரூத் செப்ன்கெடிச். 2025 மார்ச்சில் எடுத்த மாதிரியில் தடை செய்யப்பட்ட, பி.பி.க்குக் கொடுக்கிற ஒரு மாத்திரையின் தடயம். வீட்டு வேலைக்காரப் பெண்ணின் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டேன் என்றார் அம்மணி! மூன்று வருஷம் தடை. சாதனை அதற்கு முந்தையது என்பதால், தடை வந்தபோது அதன் மேல் கை வைக்க முடியவில்லை.

லேட்டாக வந்த ரிசல்ட்!

கோமதி விஷயத்துக்கு வருவோம். அவர் சிறுநீரில் இருந்ததாகச் சொன்னது நாண்ட்ரோலோன் என்கிற ஸ்டீராய்டு. இதுவும் மனித உடம்பில் இயற்கையாகத் துளியூண்டு உண்டாகும். கர்ப்ப காலத்தில் கொஞ்சம் கூடும். அதனால் சந்தேகம் வந்தால் கார்பன் கணக்குப் பார்க்கிறார்கள். கடையில் வருகிற ஸ்டீராய்டு பெரும்பாலும் சோயா மாதிரி தாவரச் சரக்கில் செய்தது. அதன் கார்பன் அணுக்களின் கணக்கு, நம் உடம்பு தயாரிப்பதோடு ஒத்துப் போகாது. ஊசியாகப் போட்டால் மாதக்கணக்கில் தடயம் விடுகிற மருந்து இது.

தடை செய்யப்பட்ட எதையும் எடுத்ததில்லை என்றே கோமதி சொல்லி வந்தார். எடுபடவில்லை. நான்கு வருஷத் தடை, 2023 வரை. ஆனால், இதில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. 2019 மார்ச்சில் பாட்டியாலாவில் நடந்த ஃபெடரேஷன் கோப்பையிலேயே அவரிடம் மாதிரி எடுத்தாகிவிட்டது. அந்த ரிசல்ட் வருவதற்குள் அவர் விமானம் ஏறி, தோஹாவில் ஓடி, தங்கம் வாங்கி, ஊரே மாலை போட்டுக் கொண்டாடி முடித்துவிட்டது! ரிசல்ட் சீக்கிரம் வந்திருந்தால் இவ்வளவு பெரிய தலைக்குனிவு வந்திருக்குமா? அதே வருஷம் ஆகஸ்டில், டெல்லியில் இருக்கிற தேசிய லேபின் அங்கீகாரத்தையே உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பு நிறுத்தி வைத்தது. அது திரும்பக் கிடைத்தது 2021 டிசம்பரில்.

நம் நாட்டு நிலவரம் என்ன? 2023-ல் இந்தியாவில் 5,606 மாதிரிகள் எடுத்ததில் 213 கோளாறு. இது 3.8 சதவீதம். ஆயிரக்கணக்கில் டெஸ்ட் எடுக்கிற நாடுகளில் இந்த சதவீதத்தில் நமக்குத்தான் 'தங்கம்'!

அதே 2023 செப்டம்பரில் டெல்லி மாநிலத் தடகளப் போட்டியில் ஒரு கூத்து. டெஸ்ட் எடுக்க அதிகாரிகள் வந்திருக்கிறார்கள் என்று தெரிந்ததும் பாதிப் பேர் மாயம். ஆண்கள் 100 மீட்டர் ஃபைனலில் நின்றது ஒரே ஒருத்தர்! 3,000 மீட்டர் ஸ்டீப்பிள்சேஸில் ஒரு பெண் எல்லைக்கோட்டைத் தாண்டிய பிறகும் நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்க, பின்னாலேயே அதிகாரியும் ஓட... அன்றைக்கு நிஜமான நெடுந்தூர ஓட்டம் அதுதான்!

சாந்தி செய்த குற்றம் என்ன?

பத்து வருஷம் ஈ.பி.ஓ.வைப் பார்க்கத் தெரியாமல் இருந்த விளையாட்டு உலகம், சாந்தியிடம் மட்டும் அவசரம் காட்டியது. அவருக்கு நடந்தது பாலினப் பரிசோதனை. பெண்ணாகப் பிறந்து, பெண்ணாகவே வளர்ந்து, பெண்கள் போட்டியில் ஓடியவரை, உடம்பில் பிறவியிலேயே அமைந்த ஒன்றுக்காக வெளியே தள்ளினார்கள். டாக்டருக்கும் அவருக்கும் நடுவில் இருக்க வேண்டிய விஷயம் டி.வி.யில் ஓடியது. ஊக்கமருந்து கேஸில்கூட இரண்டாவது பாட்டிலைத் திறந்து பார்க்கச் சொல்லலாம், அப்பீல் போகலாம். சாந்திக்கு அப்போது பக்கத்தில் நின்று வாதாட யாருமில்லை.

மனசு வெறுத்து, வாழ்க்கையே வேண்டாம் என்கிற எல்லை வரை போய் மீண்டு வந்தார். புதுக்கோட்டையில் பிள்ளைகளுக்கு ஓடக் கற்றுக் கொடுத்தார். பணமில்லாமல் மறுபடி செங்கல் சூளையில் தினக்கூலிக்கும் போனார். 2016-ல் தமிழக அரசு அவருக்கு நிரந்தரப் பயிற்சியாளர் வேலை கொடுத்தது. பதக்கம் மட்டும் திரும்பவில்லை.

ஒடிசாவின் டூட்டி சந்துக்கும் 2014-ல் இதே மாதிரி நேர்ந்தது. அவருக்கு ஆதரவாக ஆட்கள் இருந்தார்கள். சர்வதேச விளையாட்டுத் தீர்ப்பாயம் வரை போய் 2015-ல் அந்த விதியையே நிறுத்தி வைக்கச் செய்தார். அதே டூட்டி பிற்பாடு ஊக்கமருந்து டெஸ்டில் மாட்டி, 2023-ல் நான்கு வருஷத் தடை வாங்கியது வேறு கணக்கு. ஒரே ஆளிடம்கூட இந்த ரெண்டு டெஸ்டையும் போட்டுக் குழப்பக் கூடாது என்பதற்கு அவரே சாட்சி. சர்வதேச தடகளத்தில் பெண்கள் பிரிவில் ஓட, 2025 செப்டம்பரிலிருந்து மரபணுப் பரிசோதனை கட்டாயமாகிவிட்டது. இனி ஒரு கிராமத்துப் பெண்ணுக்கு அப்படி ஒரு ரிசல்ட் வந்தால், அதை முதலில் யார் காதில் போடுவார்கள்? அவரிடமா, டி.வி.யிடமா?

தம்பிகளுக்கு ஒரு வார்த்தை

ஆலங்குடி மாதிரி ஊர்களில் விடிகாலை ரோட்டில் ஓடுகிற பையன்களைப் பார்க்கலாம். போலீஸ் செலக்‌ஷனுக்கு 1,500 மீட்டரை 7 நிமிஷத்தில் ஓடியாக வேண்டும். 'இந்தப் பவுடரைக் கலக்கிக் குடி, இந்த ஊசியைப் போட்டுக்கோ, மூச்சே வாங்காது' என்று சொல்ல எந்த ஊரிலும் ஒரு அண்ணன் இருப்பார். ஈ.பி.ஓ. அளவு மீறினால் ரத்தம் கெட்டியாகி மாரடைப்பு, பக்கவாதம் வரை போகும். ஸ்டீராய்டு ஈரலையும் இதயத்தையும் பதம் பார்க்கும்.

இன்னொன்றும் ஞாபகம் இருக்கட்டும். போட்டி விளையாட்டுச் சட்டத்தில், உங்க உடம்பில் என்ன இருந்தாலும் நீங்கதான் பொறுப்பு. 'கோச் கொடுத்தார், தெரியாமல் குடித்தேன்' என்பதெல்லாம் தண்டனையைக் குறைக்கலாம், கேஸை உடைக்காது. ஆம்ஸ்ட்ராங்குக்கு டாக்டர் இருந்தார், வக்கீல் இருந்தார், கோடிக்கணக்கில் பணம் இருந்தது. அப்படியும் மாட்டினார். நமக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் அந்த அண்ணன் அடுத்த தடவை டப்பாவை நீட்டினால், ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். "அண்ணே, இதில் என்னென்ன இருக்குன்னு ஒரு பேப்பர்ல எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுத் தர்றீங்களா?"

ஆள் எவ்வளவு வேகமாக ஓடுகிறார் என்று பாருங்கள். எந்த மருந்தும் இல்லாமலே!