பாறைக்குள் மறைந்திருக்கும் நீர்



2015ஆம் ஆண்டு வெளிவந்த 'த மார்ஷியன்' என்னும் ஆங்கிலத் திரைப்படத்தை உங்கள் பிள்ளைகள் பார்த்திருக்கக்கூடும். செவ்வாய்க் கிரகத்தில் தன்னந்தனியே கைவிடப்பட்ட மனிதன் ஒருவனின் கதை அது. அதில் செவ்வாயாகக் காட்டப்படும் செந்நிற நிலம் நமது பூமியிலேதான் உள்ளது. ஜோர்தான் நாட்டின் தென்பகுதியில், அக்கபா துறைமுகத்துக்குக் கிழக்கே பரந்து கிடக்கும் அப்பாலைநிலத்தின் பெயர் வாதி ரம். அரபு மொழியில் 'வாதி' என்றால் பள்ளத்தாக்கு.

புனித பூமிக்கு யாத்திரை செல்வோர் ஜோர்தானில் நெபோ மலையைத் தரிசிப்பது வழக்கம். அங்கிருந்து தெற்கு நோக்கி நெடுந்தூரம் பயணம் செய்தால் வாதி ரம்மை அடையலாம். உங்களை ஜீப் வண்டியில் அழைத்துச் செல்பவர் அந்நிலத்திலேயே பிறந்து வளர்ந்த பெதூயின் இனத்தவராக இருப்பார். மணல்வெளியின் இருமருங்கிலும் மணற்கல் மலைகள் மதில்போல் எழுந்து நிற்கும். காற்றும் நீரும் நெடுங்காலமாக அரித்ததனால் சில தூண்களாகவும், சில அந்தரத்தில் வளைந்த பாலங்களாகவும் காட்சி தரும். கல்லில் கலந்துள்ள இரும்பே அச்செந்நிறத்துக்குக் காரணம். 1962இல் வெளிவந்த 'லோரன்ஸ் ஒவ் அரேபியா' திரைப்படத்தின் காட்சிகளும் இங்கே படமாக்கப்பட்டன. உயிரின் சுவடே இல்லாத நிலம் என்று கண்கள் சொல்லும். திரைப்படக் கலைஞர்கள் தேடி வந்ததும் அத்தோற்றத்தையே.

எனினும், பாறைகளை நெருங்கிச் சென்று பாருங்கள். ஒட்டகங்களும் வேட்டைக் காட்சிகளும் மனிதர்களின் பெயர்களும் அவற்றில் செதுக்கப்பட்டுள்ளன. இங்கே ஏறத்தாழ 25,000 பாறைச் செதுக்கல்களும் 20,000 கல்வெட்டுகளும் உள்ளன. 12,000 ஆண்டுகால மனித வாழ்வின் சுவடுகளைத் தாங்கிய இந்நிலத்தை யுனெஸ்கோ 2011ஆம் ஆண்டு உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. நீரின்றி இவர்கள் எவ்வாறு வாழ்ந்தனர்?

நீர் பாறைக்குள் இருந்தது. மணற்கல் நுண்துளைகள் நிறைந்தது. அரிதாகப் பெய்யும் மழை அதனுள் மெல்ல மெல்லக் கசிந்து இறங்குகிறது. அடியிலே உள்ள கருங்கல்லை அந்நீரால் ஊடுருவ முடிவதில்லை. அங்கே தடைப்பட்டுப் பக்கவாட்டில் நகர்ந்து, இருவகைக் கற்களும் சந்திக்கும் இடத்தில் ஊற்றாக வெளிப்படுகிறது. பண்டைய நபத்தேயர் அந்த ஊற்றுநீரைக் கால்வாய் வழியே மலையடிவாரத்துக்குக் கொண்டுவந்தனர். இன்று ஊற்றில் நீங்கள் ஏந்தும் நீர் என்றோ பெய்த மழையின் கொடை.

இங்கே மோசேயை நினைவுகூர்வோம். சீன் பாலைநிலத்தில் காதேசு என்னும் இடத்தில் மக்கள் தண்ணீரின்றி முறுமுறுத்தபோது, பாறையிடம் பேசுமாறு ஆண்டவர் அவருக்குக் கட்டளையிட்டார். மனம் கசந்திருந்த மோசேயோ கோலால் பாறையை இருமுறை அடித்தார். தண்ணீர் பெருகியது, மக்களும் கால்நடைகளும் குடித்தனர். ஆயினும் தம்மீது மோசே நம்பிக்கை கொள்ளவில்லை என்பதை இறைவன் கண்டார். வாக்களிக்கப்பட்ட நாட்டை நெபோ மலையிலிருந்து காணும் பேறு மட்டுமே அவருக்குக் கிடைத்தது. எண்ணிக்கை நூலின் 20ஆம் அதிகாரத்தையும் இணைச்சட்ட நூலின் இறுதி அதிகாரத்தையும் இவ்வாரம் குடும்பமாக வாசித்துப் பாருங்கள்.

நமது இல்லங்களிலும் பாறைகளைப் போன்றவர்கள் இருக்கின்றார்கள். வேலையிழந்தபின் யாருடனும் பேசாதிருக்கும் தந்தை, திருப்பலிக்கு வர மறுக்கும் மகன், எதைக் கேட்டாலும் கதவைச் சாத்திக்கொள்ளும் மகள். இவர்கள் உள்ளத்தில் ஈரமே இல்லையென்று எண்ணி, கடுஞ்சொற்களால் அடிக்கின்றோம். அடிக்குப் பயந்து அவர்கள் பணிந்துவிடலாம். நாம் விரும்பியது நடந்துவிட்டதாகவும் தோன்றலாம். ஆனால் அந்த வெற்றியில் நாம் இழப்பது என்ன என்பதை நெபோ மலையில் நின்ற அம்முதியவர் அறிவார்.

பல ஆண்டுகளாக நீங்கள் அவர்கள்மீது பொழிந்த அன்பும் மன்றாட்டும் உள்ளே இறங்கிக்கொண்டுதான் இருக்கின்றன. அது வெளிப்படும் நாளை இறைவனிடம் விட்டுவிடுங்கள். இன்று இரவு, செபமாலை முடிந்தபின், அவர்கள் அருகில் சென்று அமருங்கள். குறை எதுவும் கூறாது, அன்போடு ஒரு வார்த்தை பேசுங்கள்.