பரந்தன் சந்தியில் வழி கேட்கும் பொதிகள்

கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கிறது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம். அங்கு படிக்கும் மாணவி ஒருத்தி, ரொறன்ரோவிலுள்ள கணினி ஒன்றுக்கு 3 மெகாபைற்று ஒளிப்படத்தை அனுப்புகிறாள் என்று வைத்துக்கொள்வோம். அனுப்பிய கணமே படம் சுக்குநூறாகிறது. ஏறக்குறைய 2,000 துண்டுகள்!

இத்துண்டுகளுக்குப் பொதி என்று பெயர். ஒரு பொதி பெரும்பாலும் 1,500 பைற்றுக்குள் அடங்கிவிடும். 'கிளிநொச்சி' என்று ஒருமுறை எழுதவே 30 பைற்று வேண்டும். ஒரு பொதிக்குள் அந்தப் பெயரை ஐம்பது தடவை எழுத இடம் போதாது. ஏனென்றால் தொடக்கத்திலேயே சுமார் 40 பைற்றை முகவரிகளும் வரிசை எண்ணும் பிடித்துக்கொள்கின்றன.

பொதிகளுக்குத் திசைகாட்டுவது வழிப்படுத்தி, அதாவது ரவுட்டர். உலக வலையின் முழு வரைபடம் எந்த வழிப்படுத்தியிடமும் கிடையாது! பரந்தன் சந்தியில் முல்லைத்தீவுக்கு வழி கேட்டால், "இந்த றோட்டாலை போங்கோ" என்று ஏ-35 வீதியைக் காட்டுவார்கள். மிச்சத்தை விசுவமடுவில் விசாரிக்கலாம். வீதியில் வெள்ளமென்றால் மாங்குளம் போய், ஒட்டுசுட்டான் வழியாகவும் சேரலாம். வழிப்படுத்தியும் அடுத்த சந்தியை மட்டுமே சொல்கிறது. கடலடிக் கேபிள் ஒன்று அறுந்தால் வேறு பாதைக்குத் திருப்பிவிடுகிறது. அதனால் ஒரே படத்தின் துண்டுகள் வெவ்வேறு வழிகளில் போகவும் கூடும்.

பாதை குழம்பி ஒரு பொதி சுற்றிச் சுற்றியே வந்தால்? அதற்கும் ஏற்பாடுண்டு. புறப்படும்போதே அதில் ஓர் எண், பெரும்பாலும் 64, பதிந்திருக்கும். ஒவ்வொரு வழிப்படுத்தியும் அதில் ஒன்றைக் குறைக்கும். பூச்சியமானதும் பொதி கைவிடப்படும்.

வேகமோ அசாத்தியம். மயிரிழையிலும் மெல்லிய கண்ணாடிப் பாதைக்குள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் ஓடுகிறது. நாம் இரவு பஸ்ஸில் உறங்கி எழும் கொழும்புத் தூரத்தைக் கடக்க, ஒளிக்கு ஒரு செக்கனின் ஐந்நூறில் ஒரு பங்கு போதும்.

ஆனால் என்னை மிகவும் வியக்கவைப்பது இவற்றில் எதுவுமில்லை. பொதியைக் கொண்டு சேர்ப்பேன் என்று இந்த வலை உறுதியே தருவதில்லை! இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெற்றில் வலைதான் அந்தப் பொறுப்பைச் சுமந்தது. 1974இல் வின்ரன் சேர்ஃபும் றொபேட் கானும் அதை இரு முனைக் கணினிகளிடம் ஒப்படைக்கும் முறையை வகுத்தார்கள். ரொறன்ரோக் கணினி வந்தவற்றை வரிசைப்படுத்தி, 'கிடைத்தது' என்று பதில் அனுப்பிக்கொண்டே இருக்கும். 1,387ஆவது பொதிக்குப் பதில் வராவிட்டால், அறிவியல் நகரிலுள்ள கணினி தன்னிடமுள்ள பிரதியிலிருந்து அந்தத் துண்டை மறுபடி அனுப்பும். அதுவும் தொலைந்தால், இன்னும் சற்றுக் கூடுதலாகக் காத்திருந்து மறுபடியும் அனுப்பும்.