களிமண்ணின் மின்னேற்றமும் பசளையின் நிலைபேறும்

ஒரே கடையில் வாங்கிய ஒரே பசளையை ஒரே அளவாக இட்ட இருவருள், ஒருவரின் பயிர் செழித்து நிற்க, மற்றவரின் பயிர் ஒரு பெருமழையோடு வெளுத்துப் போவது கமக்காரர் அறியாத செய்தியன்று. முருங்கனிற் கட்டுக்கரைக்குளத்து நீரைக்கொண்டு நெல் விளைவிப்போரின் கரிய களிநிலம், இட்ட பசளையைப் பல நாள் பிடித்து வைத்திருக்கின்றது. வலிகாமத்திலே வெங்காயமும் மிளகாயும் செய்வோரின் செம்மண் அத்துணை நாள் பிடித்து வைப்பதில்லை. கடலோர மணலிலோ இன்று இட்டது நாளைய இறைப்போடு கீழிறங்கி விடுகின்றது. இவ்வேறுபாட்டிற்கு மண்ணின் நிறம் காரணமன்று. மண்ணிலுள்ள களித்துணிக்கைகள் தம் மேற்பரப்பிற் கொண்டுள்ள மின்னேற்றமே பெருங்காரணமாகும். இவ்வேற்றம் கண்ணுக்குத் தெரிவதன்று, தொட்டால் அதிர்வதுமன்று. எனினும், இடப்படும் பசளையில் எவ்வளவு பயிரைச் சேரும், எவ்வளவு கிணற்றைச் சேரும் என்பதைப் பெரிதும் அதுவே தீர்மானிக்கின்றது.

களி என்பது மண்ணின் மிக நுண்ணிய பகுதி. ஒரு மில்லிமீற்றரின் ஆயிரத்தில் இரண்டு பங்கிற்குக் குறைந்த குறுக்களவுள்ள துணிக்கைகளையே அறிஞர் களி என்பர். இத்துணிக்கைகள் ஏற்றமுடையன என்பதை எவரும் தம் வீட்டிலேயே கண்டறியலாம். வயலின் கரிய களியிற் சிறிதளவை மழைநீரிற் கரைத்து, இரண்டு கண்ணாடிப் போத்தல்களில் ஊற்றி, மணல் அடியிற் படியும்வரை சிறிது நேரம் விடுதல் வேண்டும். பின்னர் ஒன்றில் மட்டும் படிகாரப் பொடி சிறிது இட்டுக் கலக்குக. படிகாரம் இட்ட போத்தலிற் கலங்கல் திரண்டு திரண்டு அடியில் இறங்க, மற்றதோ மறுநாளும் கலங்கியே நிற்கும். களித்துணிக்கைகள் யாவும் ஒரேவகை ஏற்றம், அஃதாவது மறையேற்றம், உடையனவாதலின் ஒன்றையொன்று தள்ளி நீரில் மிதக்கின்றன. படிகாரத்திலுள்ள அலுமினியம் வலிய நேரேற்றம் உடையது; அது களியின் மறையேற்றத்தை அடக்கியதும் துணிக்கைகள் ஒன்றுசேர்ந்து பாரத்தால் இறங்குகின்றன. யாழ்ப்பாணக் கிணற்று நீர் இச்சோதனைக்கு ஏற்றதன்று; அதிலுள்ள சுண்ணாம்புச் சத்தே களியைத் திரட்டிவிடும். மொஸ்கோ நகரில் றொயிஸ் என்னும் அறிஞர், ஈரக் களியினூடே மின்னைச் செலுத்தியபோது களித்துணிக்கைகள் நேர்முனையை நோக்கி நகர்ந்தமையைக் கண்டு, 1809ஆம் ஆண்டில் வெளியிட்டார்.

ஏற்றம் எங்கிருந்து வருகின்றது?

களிக்கனியங்கள் தாள்களை அடுக்கி வைத்தாற்போன்ற அமைப்புடையன. சிலிக்கனும் ஒட்சிசனும் சேர்ந்தது ஒருவகைத் தாள். அலுமினியமும் ஒட்சிசனும் சேர்ந்தது மற்றொருவகைத் தாள். இக்கனியங்கள் உருவாகிய காலத்திற் சில இடங்களிற் சிலிக்கன் இருக்கவேண்டிய இருக்கையில் அலுமினியமும், அலுமினியம் இருக்கவேண்டிய இருக்கையில் மகனீசியமும் அமர்ந்துவிட்டன. சிலிக்கனின் நேரேற்றம் நான்கு, அலுமினியத்தினது மூன்று, மகனீசியத்தினது இரண்டு. கூடியது இருக்கவேண்டிய இடத்திற் குறைந்தது இருப்பதால், ஒவ்வோர் இடத்திலும் ஓர் அலகு நேரேற்றம் குறைந்து மறையேற்றம் மிஞ்சுகின்றது. இது கனியத்தின் உட்கட்டமைப்பிற் பதிந்த ஏற்றமாதலின், மழையாலோ உழவாலோ பசளையாலோ மாறுவதில்லை.

மறையேற்றமுள்ள இவ்விடங்களைப் பட்டியிலுள்ள கட்டுத்தறிகளுக்கு ஒப்பிடலாம். கட்டப்படும் மாடுகள் நேரேற்றமுடைய அயன்களாகும். கல்சியம், மகனீசியம், பொற்றாசியம், சோடியம், அமோனியம் என்பன அவை. தறி வெறுமையாய் இருப்பதில்லை. ஒரு மாட்டை அவிழ்த்தே மற்றொன்றைக் கட்டுதல் கூடும். பயிரின் வேரும் ஐதரசன் அயனைக் கொடுத்தே பொற்றாசியத்தைப் பெற்றுக்கொள்கின்றது. இம்மாற்றத்தை முதலில் முறையாக ஆராய்ந்தவர்கள் இங்கிலாந்தினராகிய தொம்சன், வே என்னும் இருவர். அமோனியம் சல்பேற்றுக் கரைசலை மண்ணின் மேல் ஊற்றி, அடியில் ஒழுகிய நீரைச் சோதித்தபோது, அமோனியத்திற்குப் பதிலாகக் கல்சியம் சல்பேற்றே வெளிவந்தது. அமோனியத்தைப் பிடித்துக்கொண்ட மண், அதற்கு ஈடான கல்சியத்தை விட்டுவிட்டது என்பது 1850ஆம் ஆண்டில் வெளியான இவர்களின் ஆராய்ச்சிகளாற் புலனாயிற்று.

மண்ணுக்கு மண் தறிகளின் தொகை வேறுபடும்

முருங்கனின் கரிய களியில் மொன்மொரிலோனைற்று வகைக் கனியங்கள் மிகுந்துள்ளன. இவற்றின் தாள்களுக்கிடையே நீரும் அயன்களும் புகுந்து வெளிவரும். அதனாலேயே இந்நிலம் மாரியில் ஊதிப் பெருத்துக் காலிற் பற்றிக்கொள்கின்றது. கோடையிற் கை நுழையும் அளவிற்கு வெடிக்கின்றது. இத்தகைய களியில் ஒரு கிராமின் அகமும் புறமுமாகிய மேற்பரப்பு ஏறத்தாழ 750 சதுரமீற்றர். யாழ்ப்பாணத்து வழக்கிற் சொன்னால் மூன்று பரப்புக் காணி. ஒரு சிட்டிகைக் களியுள் மூன்று பரப்பு அடங்கியிருப்பது வியப்பிற்குரியதே.

வலிகாமத்துச் செம்மண்ணிலும், ஈரவலயத்து மண்ணிலும் மிகுந்துள்ளது கயோலினைற்று. இதன் தாள்கள் இறுகப் பிணைந்தவை. இடையில் எதுவும் புகுவதில்லை. ஒரு கிராமின் மேற்பரப்பு 10 முதல் 20 சதுரமீற்றர் மட்டுமே. ஆய்வுகூடத்திற் களியின் பிடிக்கும் ஆற்றலை மில்லிசமவலு என்னும் அலகால் அளப்பர். 100 கிராம் கயோலினைற்று 3 முதல் 15 வரையும், அதேயளவு மொன்மொரிலோனைற்று 80க்கு மேலும் பிடிக்கும். உலர்வலயத்துச் செங்கபில நிலங்களில் இரண்டும் கலந்திருத்தலால் அவை இடைத்தரமாகின்றன. மணலுக்குத் தறியே இல்லை எனினும் பெரும்பிழை ஆகாது.

மாறும் ஏற்றமும் சுண்ணாம்பும்

கயோலினைற்றின் விளிம்புகளிலும், மண்ணுக்குச் செந்நிறம் தரும் இரும்பு ஒட்சைட்டுகளிலும், மலைநாட்டு மண்ணிற் காணப்படும் அலுமினிய ஒட்சைட்டுகளிலும் வேறொருவகை ஏற்றம் உண்டு. அது மண்ணின் புளிப்பிற்கேற்ப மாறுவது. புளிப்பு மிகுந்தால் மறையேற்றம் குன்றுவதோடு, சில இடங்களில் நேரேற்றமும் தோன்றும். புளிப்புக் குறைந்தால் மறையேற்றம் பெருகும். நுவரெலியா, வெலிமடைப் பகுதிகளிற் கோவாவும் கரட்டும் லீக்சும் செய்வோர் இதனை மனத்திற் கொள்ளுதல் நன்று. தொலமைற்று இடுவது புளிப்பைப் போக்கவும், கல்சியமும் மகனீசியமும் ஊட்டவும் மட்டுமன்று. அதனாற் புதிய தறிகளும் உண்டாகின்றன. பீஎச் பெறுமானம் 5.5இற்குக் கீழே சென்றால் அலுமினியம் கரைந்து தறிகளைப் பற்றிக்கொண்டு வேரையும் கருக்கும். அந்நிலையிற் பொற்றாசுப் பசளையைக் கூட்டி இடுவது, தறியில்லாத பட்டிக்கு மாடு வாங்குவது போலாகும்.

இதே ஒட்சைட்டுகள் பொசுபேற்றை இறுகப் பற்றிக்கொள்கின்றன. அப்பிடிப்பு எளிதில் அவிழாது. ஆகவே பொசுபரசுப் பசளை மழையோடு கரைந்து போய்விடும் என்று அஞ்சிப் போகந்தோறும் கூட்டிக்கூட்டி இடுதல் வீண்செலவு. கரைந்து போகாமல் மண்ணிலேயே குவியும். மண் அரிக்கப்பட்டால் மண்ணோடு ஓடைக்குச் செல்லும்.

தறியில் நில்லாத நைத்திரேற்று

கமக்காரருக்கு மிகுந்த இழப்பைத் தருவது இனிக் கூறப்படுவதேயாகும். நைதரசன் மண்ணில் ஒரே உருவில் இருப்பதில்லை. யூரியாவுக்கு ஏற்றம் இல்லை. ஆதலின் அது களியிற் தங்காது நீரோடு செல்லும். ஈரமண்ணிற் சில நாள்களுள் அது அமோனியமாகின்றது. அமோனியம் நேரேற்றமுடையதாதலின் களி அதனைப் பிடித்துக்கொள்ளும். காற்றோட்டமுள்ள தோட்டநிலத்திலோ அது அங்ஙனமே இருப்பதில்லை; நுண்ணுயிர்கள் இரண்டு மூன்று கிழமைகளுள் அதன் பெரும்பகுதியை நைத்திரேற்றாக மாற்றிவிடுகின்றன. நைத்திரேற்று மறையேற்றமுடையது. மறையேற்றமுள்ள களி அதனைத் தள்ளுமேயன்றிப் பிடிக்காது. நீர் எங்கே இறங்குமோ அங்கே அதுவும் இறங்கும்.

வலிகாமத்தில் அந்நீர் இறங்குமிடம் சுண்ணக்கற் பாறையிலுள்ள வெடிப்புகளும் குகைகளும், அவற்றினூடாகக் கிணறு. தோட்டத்திற்கு இறைப்பதும் அக்கிணறே; வீட்டார் குடிப்பதும் அந்நீரே. குடிநீரின் ஒரு லீற்றரில் நைத்திரேற்று 50 மில்லிகிராமை மிஞ்சலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. யாழ்ப்பாணக் குடாநாட்டின் தோட்டப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் இவ்வளவு மிஞ்சியிருப்பதை ஆய்வுகள் காட்டியுள்ளன. மலக்குழிகளும் இதற்குக் காரணமாதலின் பழி முழுவதும் பசளைமீது அன்று. ஆயினும் தோட்டத்தின் பங்கு சிறிதன்று. ஆறு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைக்கு இந்நீரிற் பால்மா கரைத்துக் கொடுத்தால், இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுசெல்லும் ஆற்றல் குன்றி உடல் நீலம் பாரிக்கக்கூடும். கொதிக்கவைத்தால் தீங்கு நீங்கும் என எண்ணுவது தவறு. நீர் வற்ற வற்ற நைத்திரேற்றின் செறிவு கூடுமேயன்றிக் குறையாது.

ஆகவே செம்மண்ணில் நைதரசனை ஒரேமுறையில் அள்ளி இடாது, பயிர் எடுத்துக்கொள்ளும் அளவிற்குப் பலமுறை பிரித்து இடுதல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வானம் கறுத்திருக்கும்போது யூரியாப் பையை அவிழ்த்தலாகாது. பாத்தி நிரம்பி வழிய இறைப்பதும் நைத்திரேற்றை வேரின் எல்லைக்கு அப்பால் தள்ளுவதேயாகும். 2021ஆம் ஆண்டில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டபோதும், 2022இல் விலை பன்மடங்கு ஏறியபோதும் ஒரு பை யூரியாவின் அருமையைக் கமக்காரர் நன்கு உணர்ந்தனர். அதே யூரியா தம் கிணற்றடியிற் கரைந்து கிடப்பதைப் பலர் உணரவில்லை.

நெல்வயலின் நிலை இதற்கு மாறானது. நீர் நிற்கும் வயலின் சேற்றிற் காற்று இல்லாமையால் அமோனியம் அமோனியமாகவே நின்று களியிற் பற்றியிருக்கும். வயலைக் காயவிட்டு மீண்டும் நீர் கட்டினால், காய்ந்த காலத்தில் உண்டான நைத்திரேற்று நீர் கட்டியபின் வாயுவாகி ஆகாயத்திற் கலந்துவிடும். மேற்கட்டாக யூரியா இடுங்கால் முதலிற் களையெடுத்து, நீரை மெல்லிய படலமாகக் குறைத்து, அதன்பின் யூரியாவைச் சீராக விசிறி, வாய்க்கால் வாயை அடைத்து மூன்று நான்கு நாள்களுக்கு நீரை வெளியே விடாதிருத்தல் வேண்டும். யூரியா அமோனியமாகிக் களியைப் பற்றுவதற்கு அக்காலம் தேவை. இட்ட அன்றே நீரை வடியவிடுபவர் அயல் வயலுக்கே பசளையிடுகின்றார்.

குழை தாழ்த்தலின் காரணம்

களியின் வகையைக் கமக்காரர் மாற்றமுடியாது. ஆனால் உக்கலைக் கூட்டமுடியும். நன்கு உக்கிய சேதனப்பொருள் 100 கிராமுக்கு 150 முதல் 300 மில்லிசமவலு வரை பிடிக்கவல்லது. சிறந்த களியையும் இது மிஞ்சும். யாழ்ப்பாணத்து முன்னோர் பூவரசங்குழையும் பனையோலையும் தாழ்த்தியதும், தோட்டத்தில் ஆட்டுப்பட்டி மாட்டுப்பட்டி அடைத்ததும் தறி குறைந்த செம்மண்ணுக்குத் தறி சேர்த்த செயல்களேயாம். வெப்பமான நிலத்தில் உக்கல் விரைந்து அழியுமாதலின் போகந்தோறும் இடுதல் வேண்டும். எருவும் ஈற்றில் நைத்திரேற்றைத் தருவதே. ஆதலின் எருவை மிகுதியாக இட்டவர் யூரியாவை அதற்கேற்பக் குறைத்தல் முறை.

கடலோர வயல்களுக்கு ஒரு சொல். உவர்நீர் புகுந்த களியிற் சோடியம் தறிகளைப் பிடித்துக்கொள்ளும். மழையால் உப்புக் கழுவப்பட்டபின், சோடியம் பற்றிய களித்துணிக்கைகள் ஒன்றையொன்று தள்ளிப் பிரிந்து, நிலம் மாரியிற் குழம்பாகி வெயிலில் ஓடுபோல் இறுகும். அந்நிலத்திற்கு ஜிப்சம் இட்டுக் கல்சியத்தால் சோடியத்தை வெளியேற்றி, நல்ல நீரால் கழுவி வடிக்கவேண்டும். வடிகால் இல்லாத இடத்தில் ஜிப்சம் இட்டுப் பயனில்லை.

தம் நிலத்தின் பிடிக்கும் ஆற்றலையும் புளிப்பையும் அறிய விரும்புவோர் மண்ணைச் சோதிப்பித்தல் வேண்டும். பசளை இடுவதற்கு முன், வரம்போரத்தையும் எருக்குவித்த இடத்தையும் தவிர்த்து, காணியின் பத்துப் பன்னிரண்டு இடங்களில் ஆறு அங்குல ஆழம்வரை மண் எடுத்து, ஒன்றாகக் கலந்து, நிழலில் உலர்த்தி, அதில் ஒரு இறாத்தல் அளவைத் துப்புரவான பையில் இட்டு அப்பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒப்படைக்கலாம். பசளை வந்த பழைய பையில் மண்ணைக் கட்டிக் கொடுத்தல் கூடாது. பையிலுள்ள பசளைத் தூளே சோதனையின் முடிவைக் கெடுத்துவிடும்.