"உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" - இன்டர்வியூவின் கடைசி நிமிடத்தை வீணாக்காதீர்கள்!

இன்டர்வியூ முடிகிற நேரம். எதிரே இருப்பவர் ஃபைலை மூடிக்கொண்டே, "உங்களுக்கு ஏதாவது கேட்கணுமா?" என்கிறார். பெரும்பாலானோர் சொல்லும் பதில், "இல்ல சார்." பஸ் ஏறிய பிறகுதான், வேலை எத்தனை மணிக்கு முடியும் என்பதைக்கூடக் கேட்கவில்லையே என்று உறைக்கும்.

மாப்பிள்ளை வீட்டைப் பற்றி நாலு பேரிடம் விசாரிக்கும் குடும்பங்கள்கூட, மகள் தினமும் ஒன்பது மணி நேரம் இருக்கப்போகும் ஆபீஸைப் பற்றிச் சம்பளத்தைத் தாண்டி விசாரிப்பதில்லை.

"வேலை நேரம் எப்படி?" என்று பொதுவாகக் கேட்டால், "ரொம்ப ஃப்ளெக்ஸிபிள்" என்று பொதுவாகத்தான் பதில் வரும். நடந்ததைக் கேளுங்கள். "போன வாரம் இந்த டீம் எத்தனை மணிக்குக் கிளம்புனாங்க?" "கடைசியா ஞாயித்துக்கிழமை வேலை பார்த்தது எப்போ?" "இந்த இடத்துல எனக்கு முன்னாடி இருந்தவங்க இப்போ எங்க இருக்காங்க?" மூன்றாவது கேள்விதான் முக்கியம். பிரமோஷனில் போயிருந்தால் சந்தோஷமாகச் சொல்வார்கள். ஒரே வருஷத்தில் இரண்டு பேர் விட்டுப் போயிருந்தால் பேச்சு வேறு பக்கம் திரும்பும்.

"இங்க எல்லாரும் ஒரே ஃபேமிலி மாதிரி" என்ற வசனம் வந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். நல்ல மனதோடு சொல்பவர்களும் உண்டு. ஆனால், குடும்பத்தில் யாரும் ஓவர்டைம் கேட்பதில்லை. லீவு கேட்டால், "நீயே இப்படிச் சொல்லலாமா?" என்பார்கள். இந்த இரண்டு பழக்கமும் ஆபீஸுக்கு வந்தால் சிரமம்தான்.

சொல்வதைவிடக் கண்ணில் படுவது அதிகம். அரை மணி நேரம் முன்பே போய் ரிசப்ஷனில் உட்காருங்கள். டீ கொண்டுவரும் அக்காவிடமும் செக்யூரிட்டி அண்ணனிடமும் மேனேஜர்கள் எப்படிப் பேசுகிறார்கள்? நோட்டீஸ் போர்டையும் பாருங்கள். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ம் ஆண்டுச் சட்டப்படி, 10 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். அதை அமைத்த உத்தரவைக் கண்ணில் படும்படி ஒட்டிவைக்கவும் வேண்டும். பிறந்தநாள் போட்டோக்கள் மட்டும் நிறைந்த போர்டு என்றால், கேட்டுவிடுங்கள்.

மகப்பேறு பற்றி இன்டர்வியூவில் கேட்கப் பலருக்கும் தயக்கம். ஆஃபர் லெட்டர் வந்த பிறகு ஹெச்.ஆருக்கு மெயில் அனுப்புங்கள். 26 வார விடுப்பும், 50 பேரோ அதற்கு மேலோ உள்ள இடத்தில் குழந்தைக் காப்பக வசதியும் 2017-ல் வந்த சட்டத் திருத்தம் தந்தவை. வேலைக்குச் சேரும்போதே இவற்றை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே திருத்தத்தில் வந்ததுதான். பதில் வர எத்தனை நாள் ஆகிறது என்பதையும் கவனியுங்கள்.

ஜவுளிக்கடை, நகைக்கடை வேலை என்றால் பார்ப்பது இன்னும் சுலபம். கஸ்டமராக உள்ளே போனால் போதும். ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழ்நாட்டில் சட்டமே திருத்தப்பட்டது. கவுன்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா, இருந்தும் யாரும் உட்காராமல் நிற்கிறார்களா?

இத்தனையும் பார்த்த பிறகு, ஒருவருக்குச் சரிப்படும் இடம் இன்னொருவருக்குச் சரிப்படாமல் போகலாம். ராத்திரி ஒன்பதுவரை பரபரவென்று ஓடும் ஆபீஸ், ஹாஸ்டலில் தங்கி வேலை கற்றுக்கொள்ள நினைக்கும் பெண்ணுக்குப் பிடித்துப்போகும். ஆறு மணிக்கு டே கேரில் குழந்தையை அழைக்க வேண்டியவருக்கு அதுவே நரகம்.

கல்விக்கடன் தவணை ஓடும்போது வந்த வேலையை வேண்டாம் என்று சொல்ல எல்லோராலும் முடியாது. அப்படிச் சேர்ந்தாலும் இரண்டு விஷயங்களில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரிஜினல் சான்றிதழ்களைச் சரிபார்க்கக் காட்டலாம். கொடுத்துவிட்டு வரக் கூடாது. பாண்டு, மூன்று மாத நோட்டீஸ் போன்ற வரிகளைக் கையெழுத்துக்கு முன்பே பேசிக் குறைக்கப் பாருங்கள்.

சேரும் தேதியைச் சொல்வதற்கு முன், ஒருநாள் மாலை ஏழரை மணிக்கு அந்த ஆபீஸுக்குப் பக்கத்து டீக்கடைக்குப் போய்வாருங்கள். தனியாக நிற்கக் கூச்சமென்றால் தோழியையோ தம்பியையோ அழைத்துப் போகலாம். எத்தனை மாடியில் விளக்கு எரிகிறது என்று அங்கிருந்தே தெரியும். கழுத்தில் அந்த கம்பெனி ஐ.டி. கார்டோடு டீ குடிக்க வருபவர்களிடம், "இங்க வேலைக்கு வரலாம்னு இருக்கேன்" என்று மட்டும் சொல்லுங்கள். மீதியை அவர்களே சொல்வார்கள்.