ஆய்வும் சமூக நலனும்: உப்புவெளிக் கரையிலிருந்து ஒரு நோக்கு

ஆய்வு மக்களுக்குப் பயன்படல் வேண்டும் என்பதை இன்று மறுப்பார் இலர். சுகாதாரம், கல்வி, சமூகசேவை ஆகிய துறைகளில் எழும் பிரச்சினைகளுக்கு ஆய்வே வழிகாட்டும் என்பது பட்டமளிப்பு விழாக்கள்தோறும் ஒலிக்கும் வாசகமாகிவிட்டது. ஆயின், எவர் எழுப்பிய வினாவுக்கு ஆய்வு விடை தேடுகிறது, அவ்விடை எவரைச் சென்றடைகிறது என்ற கேள்விகள் அருகியே எழுப்பப்படுகின்றன. இக்கேள்விகளைத் திருகோணமலைக்கு வடக்கே, நிலாவெளி வீதியில் அமைந்த உப்புவெளியை முன்வைத்து நோக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும். காய்ச்சல் பற்றிய ஆய்வுகளையே நாம் சான்றாகக் கொள்கிறோம்.

முதலில் மலேரியா. 1934ஆம் ஆண்டில் தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. ஈரவலயத்து ஆறுகள் வற்றிக் குட்டைகளாயின. அக்குட்டைகளில் மலேரியா நுளம்பு பெருகியது. 1934 இறுதியிலும் 1935இலும் பரவிய கொள்ளைநோயால் ஏறத்தாழ 80,000 பேர் இறந்தனர் எனப் பொதுவாக மதிப்பிடப்படுகிறது. திருகோணமலை உள்ளிட்ட வரண்ட வலயத்திலோ மலேரியா ஆண்டுதோறும் நிலவிய நோயாகும். ஈரவலயத்தில் அது பேரழிவு எனப் பெயர் பெற்றது. இங்கு அது இயல்பு எனக் கொள்ளப்பட்டது. ஒரு பிரதேசத்தின் துன்பம் வழக்கமாகிவிடும்போது அது வினாவாக எழுவதில்லை என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

அக்காலத்திற் சூரியமல் இயக்கத்தைச் சேர்ந்த இடதுசாரி இளைஞர் நிவாரணப் பணிக்காகக் கிராமங்களுக்குச் சென்றனர். வைத்தியரான எஸ். ஏ. விக்கிரமசிங்க, என். எம். பெரேரா முதலியோர் அவர்களுள் அடங்குவர். நோயாளியின் உடலில் காய்ச்சலை மட்டுமன்றிப் பசியையும் அவர்கள் கண்டனர். மருந்தோடு உணவும் வேண்டும் என்ற அவர்தம் நிலைப்பாடு கருணையால் மட்டும் எழுந்ததன்று. நோயின் காரணம் பற்றிய ஒரு கருதுகோளும் அதனுள் அடங்கியிருந்தது. 1935 டிசம்பரில் லங்கா சமசமாஜக் கட்சி தோன்றியமைக்கு இவ்வனுபவமும் ஒரு பின்புலமாகும்.

அக்கருதுகோள் பின்னர் புலமை விவாதமாக மீண்டும் எழுந்தது. 1946ஆம் ஆண்டில் ஆயிரவருக்கு 20.3 ஆக இருந்த இறப்பு வீதம் 1947இல் 14.3 ஆகக் குறைந்தது. வீடுகளின் உட்சுவர்களில் டி.டி.ரி. தெளிக்கும் பணி அவ்வேளையிலேயே நாடளாவ விரிந்தது. எனவே வீழ்ச்சிக்கு டி.டி.ரி.யே காரணம் என்ற முடிவு எளிதாகப் பிறந்தது. பீற்றர் நியூமன் மலேரியா ஒழிப்புக்குப் பெரும் பங்கு அளித்தார். ஹரால்ட் பிரெடரிக்சன் இதனை மறுத்து, மலேரியா அதிகமில்லாத பிரதேசங்களிலும் இறப்பு குறைந்தமையைச் சுட்டினார். எஸ். ஏ. மீகம உணவு நிலையையும் சுகாதார சேவைகளின் விரிவையும் வற்புறுத்தினார். 1974இல் ஆர். எச். கிறே, வீழ்ச்சியில் ஏறத்தாழ நான்கிலொரு பங்கையே மலேரியாக் கட்டுப்பாட்டுக்கு உரித்தாக்கினார்.

இவ்விவாதம் புள்ளிவிவர நுணுக்கம் பற்றியது மட்டுமன்று. ஒரு இரசாயனப் பொருள் மக்களைக் காத்தது எனின், சமூக அமைப்பை மாற்றாமலே நோயை வெல்லலாம் என்ற முடிவு பெறப்படும். 1942 முதல் நடைமுறைக்கு வந்த அரிசிப் பங்கீடும், 1945இல் நிலைபெற்ற இலவசக் கல்வியும், கிராமங்களை எட்டிய வைத்தியசாலைகளும் இணைந்தே மக்களைக் காத்தன எனின், நலன் என்பது அரசியற் கோரிக்கையாகிறது. எழுதப் படிக்கத் தெரிந்த தாய் வைத்தியசாலைக்குச் செல்கிறாள். பங்கீட்டரிசி உண்ட குழந்தை காய்ச்சலைத் தாங்குகிறது. சுகாதாரமும் கல்வியும் சமூக நலனும் திணைக்களங்களின் பெயர்ப்பலகைகளிலேயே தனித்தனியானவை. குடிசைக்குள் அவை ஒன்றே.

இலக்கிய மாணவருக்கு இது புதிய செய்தியன்று. அம்பாந்தோட்டையில் உதவி அரசாங்க அதிபராகப் பணிபுரிந்த லெனார்ட் வூல்ஃப் 1913இல் வெளியிட்ட நாவல், காட்டுக் கிராமமொன்று அழிந்த கதையைக் கூறுவது. அங்கு பசி, காய்ச்சல், கடன், சட்டம் என்பன ஒன்றோடொன்று பின்னியே மனிதரை வீழ்த்துகின்றன. புள்ளிவிவரங்கள் பிற்காலத்தில் பிரித்துப் பங்கிட முயன்ற காரணங்களைப் படைப்பு முழுமையாகக் கண்டிருந்தது.

மலேரியாவின் பிந்திய வரலாறு இன்னொரு பாடத்தையும் தருகிறது. 1963இல் நாடு முழுவதிலும் 17 நோயாளரே பதிவாயினர். வெற்றி கிட்டியது எனக் கருதித் தெளிப்பு நிறுத்தப்பட்டது, கண்காணிப்புத் தளர்ந்தது. 1969இல் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. அதன்பின் பல தசாப்தங்கள், யுத்தத்தின் மத்தியிலும், குருதிப் பரிசோதனையும் கண்காணிப்பும் தொடர்ந்தன. 2012 ஒக்டோபரின் பின், 2016 வரை, உள்நாட்டில் தொற்றிய மலேரியா பதிவாகவில்லை. 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாகச் சான்றுப்படுத்தியது. தொடர்ச்சியற்ற ஆய்வு, பாதியிற் கைவிடப்பட்ட மருந்து போன்றது.

இனி, இன்றைய காய்ச்சலாகிய டெங்குவுக்கு வருவோம். 2017இல் இலங்கையில் 186,000க்கும் அதிகமான டெங்கு நோயாளர் பதிவாயினர். 400க்கு மேற்பட்டோர் இறந்தனர். அவ்வாண்டின் தொடக்கத்தில் மிகக் கடுமையாகத் தாக்கப்பட்ட இடங்களுள் திருகோணமலை மாவட்டத்துக் கிண்ணியாவும் ஒன்று. அங்கு பாடசாலைகள் சில நாட்கள் மூடப்பட்டன. சுகாதாரப் பிரச்சினை எவ்வாறு கல்விப் பிரச்சினையாகிறது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நாட்கூலிக் குடும்பத்திற் பிள்ளைக்குக் காய்ச்சல் வரின், தாயின் கூலி நிற்கிறது; கடன் ஏறுகிறது; மூத்த பிள்ளையின் படிப்பும் தடைப்படுகிறது.

டெங்கு நுளம்பு தெளிந்த நன்னீரிலேயே பெருகும் என்பது நெடுங்கால நம்பிக்கை. தடுப்பு நடவடிக்கைகளும் அதனையொட்டியே வகுக்கப்பட்டன. ரஞ்சன் ராமசாமி, யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சி. நோபிள் சுரேந்திரன் ஆகியோரும் அவர்தம் சகபாடிகளும் 2011இல் வெளியிட்ட ஆய்வு இந்நம்பிக்கையை அசைத்தது. மட்டக்களப்பு, யாழ்ப்பாணக் கரையோரங்களில் வீசப்பட்ட பாத்திரங்கள், கைவிடப்பட்ட படகுகள், பாவனையற்ற கிணறுகள் ஆகியவற்றில் தேங்கிய உவர்நீரிலும் டெங்கு நுளம்பின் குடம்பிகள் வளர்வதை அவர்கள் கண்டனர். இலீற்றருக்கு 15 கிராம் வரை உப்புக் கலந்த நீரிலும் அவை காணப்பட்டன. கடல்நீரில் இவ்வளவு ஏறத்தாழ 35 கிராமாகும்.

அவ்வாய்வின் களங்களுள் உப்புவெளி இல்லை. ஆயின் அதன் பெயரே உப்பைச் சுமந்தது. மீனவர் வாடிகளும் படகுகளும் ஒருபுறம், உல்லாசப் பயணிகள் தங்குமிடங்களும் அவை கழிக்கும் போத்தல்களும் மறுபுறம் என அமைந்த இக்கரைக்கு அவ்வாய்வு எழுப்பும் வினா நேரடியானது. கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இதே வீதியில் அமைந்துள்ளது. வினாவுக்கும் வினவுவோருக்கும் இடையிலுள்ள தூரம் சில கிலோமீற்றர்களே.

இங்கு வர்க்க நோக்கு அவசியமாகிறது. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்பு பெருகுதலைத் தடுத்தற் சட்டம், வளவில் நுளம்பு பெருக இடமளிப்போரைக் குற்றவாளியாக்குகிறது. துப்புரவு தேவை என்பதில் ஐயமில்லை. ஆயின் குழாய்நீர் ஒழுங்காக வராத வீடே தொட்டியில் நீரைச் சேமிக்கிறது. எரிபொருள் வாங்க வழியற்ற மீனவனின் படகே கரையிற் கிடந்து மழைநீரை ஏந்துகிறது. குடம்பியைக் காணும் ஆய்வு படகைக் காணாது விடின், தண்டப்பணம் ஏழையிடம் அறவிடப்படும். காரணம் அப்படியே எஞ்சும். மாறாக, படகு ஏன் கடலுக்குச் செல்லவில்லை எனவும் வினவும் ஆய்வு நோய்த்தடுப்பையும் தொழிலையும் ஒருசேரத் தொடும்.

இவற்றிலிருந்து மூன்று கருத்துகளை முன்வைக்கலாம். முதலாவது, ஆய்வின் வினா மக்களின் உழைப்பு நிலைமைகளிலிருந்து எழுதல் வேண்டும். மீனவரும் தாய்மாரும் ஆசிரியரும் தகவல் தருவோராக மட்டுமன்றி, வினாவை வகுப்போராகவும் அமைதல் வேண்டும். இரண்டாவது, ஓராண்டு நிதியோடு முடியும் ஆய்வு போதாது. 1963இன் வெற்றி 1969இல் எவ்வாறு கரைந்தது என்பதை மறத்தலாகாது. மூன்றாவது, முடிவுகள் மக்கள் மொழிக்குத் திரும்புதல் வேண்டும். உவர்நீர் பற்றிய ஆய்வு ஆங்கிலத்தில் உலகைச் சென்றடைந்தது. படகுக்காரருக்கும் பாடசாலை மாணவருக்கும் அது தமிழிற் கிட்டுதல் அதனினும் அவசியமானது.

இம்மூன்றாவது பணி தமிழியலாளராகிய எம்முடையதுமாகும். கலைச்சொல்லாக்கம் அகராதியோடு முடிவதன்று. உப்புவெளிச் சிறுவன் தன் தந்தையின் படகைக் கவிழ்த்து நீரை ஊற்றும்போது, தான் ஏன் அவ்வாறு செய்கிறேன் என்பதைத் தன் மொழியில் விளக்கவல்லவனாதலே அதன் நிறைவு. அறிவு அவ்விடத்தை அடையும்வரை ஆய்வு முடிந்ததெனக் கொள்வதற்கில்லை.