பழ ஈயா, நன்மை செய்யும் ஈயா? பார்த்தறிந்து மருந்தடியுங்கள்

நெய்வேலி நகரியத்து வீட்டுத் தோட்டங்களிலும் சுற்றுவட்டக் கிராமங்களிலும் மா, கொய்யா, பாகல், புடலை பரவலாக உண்டு. பழுத்த கொய்யாவைப் பிளந்தால் உள்ளே வெள்ளைப் புழுக்கள் நெளிகின்றன. பாகல் பிஞ்சு கோணி, மஞ்சளாகி, அழுகி உதிர்கிறது. உடனே தோட்டத்தில் பறக்கும் ஈக்கள் எல்லாவற்றையும் பகையென்று எண்ணிப் பலர் மருந்தடித்து விடுகிறார்கள். பணமும் வீணாகிறது, பயிருக்கு உதவும் ஈக்களும் மடிகின்றன. ஆகவே முதலில் ஈயை அடையாளம் காண வேண்டும்.

மா, கொய்யா ஈ

வீட்டு ஈயை விடச் சற்றுப் பெரியது. நீளம் சுமார் 8 மில்லிமீட்டர். கருத்த முதுகின் இரு பக்கமும் ஒவ்வொரு மஞ்சள் கோடு இருக்கும். வயிற்றின் மேல் ஆங்கில 'டி' எழுத்தைப் போன்ற கறுப்புக் குறி தெரியும். இறகு தெளிவாக, முன்விளிம்பில் மட்டும் மெல்லிய கருங்கோட்டுடன் இருக்கும். பெண் ஈயின் வால் ஊசிபோல் கூராக இருக்கும். அதைக் கொண்டே தோலைத் துளைத்து முட்டையிடுகிறது. இறகு நுனியில் பழுப்புப் புள்ளி மட்டும் இருந்தால் அது இதன் உறவு வகை.

பாகல், புடலை ஈ

இதன் உடல் செம்பழுப்பு நிறம். முதுகில் மூன்று மஞ்சள் கோடுகள் உண்டு. நடுக்கோடே முக்கிய அடையாளம். இறகின் விளிம்புப் பட்டை நுனியில் அகன்று புள்ளியாகும். இறகின் குறுக்கேயும் பட்டை ஓடும்.

நன்மை செய்யும் சிர்பிட் ஈ

கறுப்பு, மஞ்சள் பட்டைகளுடன் சிறு தேனீ போலிருக்கும். பூவின் முன்னே அந்தரத்தில் அசையாமல் நிற்கும். தேனீக்கு இறகு நான்கு, இதற்கு இரண்டே. வாலில் கூர்மை இல்லை. இதன் புழு பழத்தினுள் இராது. இலை மேல் ஊர்ந்து அசுவினியைத் தின்னும். இதைக் கொல்லக் கூடாது.

ஐயம் இருந்தால், புழு விழுந்த பழத்தை ஈர மணல் பரப்பிய புட்டியில் வைத்து, வாயைத் துணியால் கட்டி விடுங்கள். இரண்டு, மூன்று வாரத்தில் ஈ வெளிவரும். ஒரு நாள் கழித்து நிறம் தெளிந்தபின் பாருங்கள்.

ஈக்கேற்ற பொறி

பீகாரில் பூசா ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஹௌலட் என்ற பூச்சியியல் அறிஞர், சிட்ரோனெல்லா எண்ணெயை நாடி ஆண் பழ ஈக்கள் வருவதை 1912-ல் எழுதினார். ஈயை இழுப்பது மெத்தில் யூஜினால் என்ற பொருள் என 1915-ல் காட்டினார். மா, கொய்யா ஈக்களுக்கும் அவற்றின் உறவு வகைக்கும் இன்றும் இதுவே கவர்ச்சிப் பொருள். எக்டருக்கு 25 பொறிகள் வீதம், காய் முற்றுமுன் கட்ட வேண்டும். பாகல் ஈ இதற்கு வராது. அதற்குக் 'கியூ லூர்' பொறியே தேவை. ஈயை அறியாமல் வாங்கினால் பொறி காலியாகவே தொங்கும்.

பொறியில் சிக்குவது ஆண் ஈ மட்டுமே. எனவே உதிர்ந்த பழங்களை அன்றாடம் பொறுக்கி, 2 அடி ஆழத்தில் புதைக்க வேண்டும். எருக்குழியில் போடக் கூடாது. புழு மண்ணுக்குள் சென்றே கூடாகிறது. ஆதலால் மரத்தடி மண்ணைக் கொத்தி வெயில் படச் செய்யுங்கள். நான்கைந்து மரம் உள்ளவர்கள் காய்களைக் காகித உறையில் கட்டியே காத்துக் கொள்ளலாம்.

மேலும் ஐயமிருப்பின், ஈயைப் புட்டியில் அடைத்து விருத்தாசலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டித் தெளிவு பெறலாம்.